மூன்று கொட்டேஷன், ஒரு பழைய வீடு

ஸ்ரீரங்கத்தில் உள்ள என் பெரியம்மாவின் வீடு 1980-களின் தொடக்கத்தில் கட்டியது. சுவரில் தேக்குப் பட்டை அடித்து, அதன்மேல் தகரக் கிளிப்பால் வயரைப் பிடித்து ஓட்டிய வயரிங். கட்டிய காலத்தில் அங்கே ஓடியது சில ஃபேன், குண்டு பல்பு, ஒரு ரேடியோ. இப்போது இரண்டு ஏசி, வாட்டர் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் எல்லாம் வந்துவிட்டன. வயர் மட்டும் அதே வயர். மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட்டுகள் இடையில் எப்போதோ வந்தன, ஆனால் எர்த்துக்கான, அதாவது கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்குவதற்கான, அந்த மூன்றாவது ஓட்டை பெரும்பாலும் எதோடும் இணைக்கப்படவில்லை. சமையலறை ஸ்விட்ச் போர்டு பழுப்பேறி, பிளாஸ்டிக் தீயும் வாடை வரத் தொடங்கிய பிறகுதான் முழுவதையும் மாற்றுவது என்று முடிவானது.

விலைக்கும் தரத்துக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதற்கு இந்த வேலை நல்ல உதாரணம். காரணம், வயரிங்கில் தரம் கண்ணுக்குத் தெரியாது. பூசி மூடிய பிறகு 78,000 ரூபாய் வேலையும் 1,65,000 ரூபாய் வேலையும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்விட்ச் போட்டால் இரண்டிலும் லைட் எரியும்.

அந்த இரண்டு தொகையும் நிஜமாகவே வந்தவை. முதலாமவர் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த எலக்ட்ரீஷியன். மோட்டார் பழுது, ஃபேன் மாட்டுவது எல்லாம் அவர்தான். சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் ‘முழு வயரிங், மெட்டீரியலோடு 78,000’ என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். இரண்டாமவர் திருச்சி டவுனிலிருந்து வந்தவர். வயர்மேன் சான்று வைத்திருக்கிறார், ஒரு உதவியாளரும் ஒரு கொத்தனாரும் அவருடன் வேலை செய்கிறார்கள். அறை அறையாகப் பாயிண்ட்டுகளை எண்ணி, பொருளுக்கு 76,000, கூலிக்கு 42,000, ஆக மொத்தம் 1,18,000 என்றார். மூன்றாவது ஓர் இன்டீரியர் நிறுவனம். வழவழப்பான தாளில், படங்களோடு, 1,65,000.

மூன்றையும் மேஜையில் வைத்துப் பார்த்தபோது வீட்டில் உடனே எழுந்த கேள்வி, எதை எடுப்பது என்பது. நடுவில் உள்ளதை எடுப்போம் என்றார் பெரியப்பா. நிறைய வீடுகளில் இப்படித்தான் முடிவாகிறது. மலிவானதில் ஏதோ கோளாறு இருக்கும், விலை அதிகமானதில் ஏமாற்று இருக்கும், நடுவில் இருப்பது நியாயமாக இருக்கும் என்ற கணக்கு. இந்தக் கணக்குக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கும்போது நடுவில் இருப்பது எதன் நடு?

அதனால் வேறு வழியில் போனோம். விலையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே கேள்வித்தாளை மூவருக்கும் கொடுத்தோம். சமையலறை பிளக்குக்கு எத்தனை ஸ்கொயர் எம்எம் (சதுர மில்லிமீட்டர் குறுக்களவு) வயர்? ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனி லைன் உண்டா? எல்லா பாயிண்ட்டுக்கும் எர்த் வயர் போகுமா? எர்த் குழி புதிதாகவா, பழையதா? மெயின் போர்டில் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் துண்டிப்பது) எத்தனை, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது) உண்டா? சுவரைக் காடி வெட்டிய இடத்தைத் திரும்பப் பூசுவது யார்? இடிபாட்டை அள்ளுவது யார்? வேலை முடிந்ததும் மெக்கர் (வயரின் உறை வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதிப்பீர்களா?

பதில்கள் வந்தபோது கதை மாறிவிட்டது. முதலாமவரின் 78,000-ல் எர்த் குழி இல்லை, எர்த் வயர் இல்லை, ஆர்சிசிபி இல்லை. லைட்டுக்கும் பிளக்குக்கும் 1 ஸ்கொயர் எம்எம், ஏசிக்கும் ஹீட்டருக்கும் 1.5. பழைய பீங்கான் ஃப்யூஸ் மெயின் அப்படியே இருக்கும். பூச்சு வேலை நம் பொறுப்பு. இவற்றைச் சேர்த்தால் எவ்வளவு என்று அவரிடமே கேட்டோம். எர்த் குழிக்கு 6,500, வயரின் அளவை ஏற்றவும் எர்த் வயர் இழுக்கவும் 10,000, புது போர்டுக்கும் ஆர்சிசிபிக்கும் 7,500, கொத்தனாருக்கு 8,000. ஆக 1,10,000.

இரண்டாமவரின் 1,18,000-ல் இவை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. இன்டீரியர் நிறுவனத்தின் தாள் இன்னும் சுவாரசியம். 1,65,000-ல் சுமார் 41,000 அலங்கார விளக்குகளுக்கும் விலை உயர்ந்த ஸ்விட்ச் வகைக்கும் போயிருந்தது. வயர் இரண்டாமவர் சொன்ன அதே கம்பெனி, அதே அளவு. ஆனால் எர்த் குழி அதிலும் இல்லை! கேட்டால், ‘அது பேஸிக் வொர்க், எங்கள் ஸ்கோப்பில் வராது’ என்றார்கள். அலங்காரத்தைக் கழித்து எர்த்தைக் கூட்டினால் 1,30,500. தொடக்கத்தில் மலிவானதற்கும் விலை கூடியதற்கும் இருந்த 87,000 ரூபாய் இடைவெளி 20,500 ஆகச் சுருங்கிவிட்டது. தெரு எலக்ட்ரீஷியனுக்கும் டவுன்காரருக்கும் இடையே மிஞ்சியது வெறும் 8,000.

முதலாமவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் நாம் கேட்டது ‘எவ்வளவு ஆகும்?’ என்ற ஒரே கேள்வி. விலை கேட்டவருக்கு அவர் விலை சொன்னார். தெருவில் முக்கால்வாசிப் பேர் குறைந்த தொகையைப் பார்த்துத்தான் வேலை கொடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், அதனால் தொகை எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைத்துச் சொன்னார். டவுன்காரரும் இதையே வேறு விதமாகச் சொன்னார்: எர்த், ஆர்சிசிபி எல்லாம் சேர்த்து எழுதினால் வேலை கையை விட்டுப் போகிறது, எழுதாவிட்டால் மனசு ஒப்பவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கியது இதைத்தான். வாங்குபவரால் தரத்தைப் பார்க்க முடியாவிட்டால் நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, நல்ல சரக்கு மெதுவாகச் சந்தையை விட்டே விலகிவிடும். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். நம் தெருவில் அந்த நல்ல சரக்கு, எர்த் குழியைக் கணக்கில் சேர்த்து எழுதும் எலக்ட்ரீஷியன்.

சரி, அந்த 1 ஸ்கொயர் எம்எம் வயர் உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். போர்டிலிருந்து சமையலறை 15 மீட்டர் என்றால், போகவர 30 மீட்டர் வயர். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்கு 18 ஓம் வரை மின்தடை, 2.5-க்கு 7.4 ஓம். ஆக மெல்லிய வயரில் சுமார் 41 வாட் வெப்பமாகப் போகும், தடித்த வயரில் 17 வாட். 41 வாட் வெப்பம், சுவருக்குள் மூடிய பைப்பில், அடுப்பு எரியும் நேரமெல்லாம். அதே லைனில் மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் சேர்ந்தால் கரண்ட் கூடும். வெப்பமோ கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். முதல் நாளே எதுவும் எரிந்துவிடாது. வயரின் மேல் உறை வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து விறைக்கும். அந்தப் பழுப்பேறிய போர்டும் அப்படித்தான் ஆனது.

ஆர்சிசிபி விஷயமும் இதே போலத்தான். எம்சிபி இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். எம்சிபி காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்சிபிக்கு ஒரு மனித உடல் வழியாகப் போகும் கரண்ட் கண்ணுக்கே தெரியாது. ஆர்சிசிபி, போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த்தும் ஒழுங்காக இருந்தால், ஹீட்டர் கசியத் தொடங்கியதுமே, யாரும் தொடுவதற்கு முன்பே, அது விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவான ஸ்ரீரங்கத்தில் மண்ணில் ஈரம் இருக்கும், எர்த் குழிக்கு அது நல்லது. அந்த ஊரில் 6,500 ரூபாயை மிச்சம் பிடிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஆகவே முடிவு டவுன்காரர். 8,000 கூடுதலுக்குக் கிடைத்தது என்ன? அவரிடம் மெக்கர் இருந்தது. கொத்தனார் அவர் ஆளாகவே இருந்தார். முந்தைய இரண்டு வீடுகளின் முகவரி கொடுத்தார், அதில் ஒன்றுக்குப் பெரியப்பா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாம் கேட்பதற்கு முன்பே எர்த் குழியை எழுதியிருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வேலை தெரிந்தவரை அவர் கொடுக்கும் பதிலைவிட, நாம் கேட்க மறந்ததை அவர் சொல்கிறாரா என்பதை வைத்து எளிதாகக் கண்டுபிடிக்கலாம்.

பேரம் பேசவில்லையா என்றால், பேசினோம். ஆனால் பாயிண்ட் கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை. கூலியைப் பிடித்து இழுத்தால் அவர் எங்கேயாவது ஈடுகட்டியாக வேண்டும். அவர் ஈடுகட்டக்கூடிய இடம் நமக்குத் தெரியாத இடமாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக வேலையையே மாற்றினோம். பின்கட்டிலும் சாமான் அறையிலும் சுவரை வெட்டாமல் வெளியே பைப் ஓட்டினால் போதும் என்றோம். ஸ்விட்ச் வகையில் ஒரு படி இறங்கினோம். ஸ்விட்ச் பழுதானால் ஸ்க்ரூடிரைவரால் கழற்றி மாற்றிவிடலாம், சுவருக்குள் போன வயரை அப்படி மாற்ற முடியாது. இதில் 12,000 குறைந்தது.

பொருளை நாமே வாங்குவது என்று தீர்மானித்தபோதுதான் கொஞ்சம் தர்மசங்கடம் வந்தது. டவுன்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, டீச்சரான பெரியம்மாவிடம் நேராகவே பேசினார்.

“டீச்சரம்மா, உள்ளதச் சொல்லிடறேன். நான் கூட்டிட்டுப் போற கடையில வாங்கினா கடைக்காரர் எனக்கு ஏதோ குடுப்பார். அதையும் மனசுல வச்சுத்தான் கூலி போட்டேன்.”

“அப்ப நாங்களே வாங்கினா உனக்கு நஷ்டம்தானே தம்பி. எவ்வளவு?”

“ஒரு மூவாயிரம் சேத்துக் குடுத்துடுங்கம்மா. நீங்க எங்க வாங்கினாலும் எனக்குச் சம்மதம்.”

பெரியம்மா உடனே ஒத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் அந்த வேலையிலேயே புத்திசாலித்தனமாகச் செலவான பணம் அந்த மூவாயிரம்தான். பெயிண்ட் டப்பாவுக்குள் டோக்கன் இருப்பது பெயிண்டர்களுக்குத் தெரியும், வயர் கம்பெனிகளும் எலக்ட்ரீஷியன்களுக்குப் பாயிண்ட், பரிசு என்று திட்டங்கள் வைத்திருக்கின்றன. எந்த பிராண்டு நல்லது என்று நம்மிடம் சொல்பவருக்கு அதில் வருமானமும் இருக்கலாம். மறைவாகப் போகும் கமிஷனை வெளிப்படையான கூலியாக மாற்றிவிட்டால் அவர் சொல்லும் யோசனையை நம்புவது எளிதாகிவிடுகிறது.

கடைவீதியில் ஒரு கடையில் 2.5 ஸ்கொயர் எம்எம் காயில் (90 மீட்டர் சுருள்) ஒன்று, மற்ற கடைகளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த விலையில் கிடைத்தது. ‘அதே கம்பெனி, செகண்ட்ஸ், பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டியும் மிச்சம்’ என்றார் கடைக்காரர். காயிலைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். இரண்டு கிலோவைத் தொடவில்லை. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவில் 90 மீட்டர் என்றால் 225 கன சென்டிமீட்டர், எடை சுமார் 2 கிலோ, செம்பு மட்டும். தரநிலை குறுக்களவை அல்ல, மின்தடையைத்தான் பார்க்கிறது என்பதால் நல்ல கம்பெனி வயரிலும் செம்பு இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் மேல் உறையோடு சேர்த்து மூன்று கிலோவை நெருங்க வேண்டும். உறையோடேயே இரண்டு கிலோ வராத காயிலில் ஒன்று நீளம் குறைவு, அல்லது தடிமன் குறைவு, அல்லது உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். எது என்று ஆராயாமல் வந்துவிட்டோம்.

வேறு கடையில், பில்லோடு, வயருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ள வயர் வாங்கினோம். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால், அதற்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தோம். எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்கு அந்த உரிமம் என்பது வந்துவிடும். இதற்குக் காசு கிடையாது, கடை வாசலிலேயே செய்யலாம். ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

தெரு எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டிய வேலை பெரியம்மாவுடையது. தினமும் முகத்தில் விழிக்கிற ஆள், அதிலும் அவரிடம் படித்தவர்.

“பெரிய வேலைன்னா நான் வேண்டாம்ல டீச்சர்?”

“அப்படியில்லடா. மெக்கர் டெஸ்ட்டு, கொத்தனாரு எல்லாம் உன்கிட்ட இல்ல. மோட்டார் லைனும் மாடித் தொட்டி லைனும் நீதான் பண்ற. நாளைக்கு ஒரு ஃபேன் நின்னாலும் உன்னத்தான் கூப்பிடப் போறேன், டவுன்லேர்ந்தா ஆள் வரும்?”

இது வெறும் சமாதானம் இல்லை. அவசரத்துக்குப் பத்து நிமிஷத்தில் வருவதும் ஒரு தரம்தான், அதை டவுன்காரரால் கொடுக்க முடியாது. எந்த வேலைக்கு எந்தத் தரம் வேண்டும் என்று பிரித்தபோது அவருக்கும் இடம் கிடைத்தது.

கூலி 45,000-ஐ நான்கு தவணையாகப் பிரித்து எழுதிக்கொண்டோம்: பைப் பதித்ததும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, ஸ்விட்ச் மாட்டி மெக்கர் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, மீதி 5,000 ஒரு மாதம் ஓடிய பிறகு. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு டேப்பை வைத்துப் பிடித்தபடி, படம் எடுத்துக்கொண்டோம். பின்னால் ஆணி அடிக்கும்போது பைப் எங்கே போகிறது என்று தெரிய இதைவிட மலிவான வழி இல்லை.

வேலை சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. முகூர்த்த மாதத்தில் கல்யாண மண்டபம் ஒன்றில் அவசர வேலை வந்து, பாதியில் ஆள் காணாமல் போனார். வீட்டில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் கரண்ட் இருந்த அந்த நாட்களில் பெரியப்பா தெரு எலக்ட்ரீஷியனின் பெயரைப் பலமுறை சொன்னார். மீட்டரிலிருந்து போர்டு வரை வரும் வயரும் மாற்ற வேண்டியிருந்ததில் 4,500 கூடியது. அது முதலில் யார் கணக்கிலும் இல்லை. கொத்தனாரின் பூச்சு சுமார்தான்.

எல்லாம் முடிந்த முதல் வாரமே ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், ‘அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான்’ என்றார். பல வீடுகளில் ஆர்சிசிபியின் கதை இப்படித்தான் முடிகிறது. வாங்குவது பாதுகாப்புக்கு, கழற்றுவது தொல்லைக்கு. டவுன்காரர் இரண்டாவது அழைப்பிலேயே வந்தார், பாக்கி 5,000-க்கு அதில் பங்கு இருந்திருக்கலாம். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்), போர்டில் வேறொரு லைனின் நியூட்ரலோடு சேர்ந்திருந்தது. ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் ஆர்சிசிபிக்கு அது கசிவாகத்தான் தெரியும். அவருடைய உதவியாளர் செய்த தவறு. பிரித்துக் கொடுத்த பிறகு தொல்லை நின்றது.

மொத்தச் செலவு: 1,18,000-ல் 12,000 குறைந்து, மூவாயிரமும் நாலாயிரத்து ஐநூறும் ஏறி, 1,13,500. முதல் நோட்டுத்தாளைவிட 35,500 அதிகம், வழவழப்புத் தாளைவிட 51,500 குறைவு. ஆனால் முதலாமவரின் திருத்திய 1,10,000-க்கும் இதற்கும் இடையே வெறும் 3,500 ரூபாய்தான் என்பது பெரியப்பாவை இன்னும் உறுத்துகிறது. ‘அவனையே கூப்பிட்டு, மெக்கரை வாடகைக்கு எடுத்திருந்தால்?’ என்று கேட்கிறார். நடந்திருக்கலாம். வயரின் அளவையும் எர்த்தையும் நாம் எழுதிக் கொடுத்து, கூடவே நின்று பார்க்க வீட்டில் ஆள் இருந்தால் அதுவும் நியாயமான தேர்வுதான். அறுபதைத் தாண்டிய இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அந்தக் கண்காணிப்பு வேலைக்கு 3,500 அதிகமில்லை என்பது என் கட்சி.

மாதம் முடிந்ததும் கடைசி 5,000 கொடுக்கப்பட்டது. கூடத்தில் ஒரு ஸ்விட்ச் ஏற்கெனவே இறுகிவிட்டது, மலிவு வகை. தெரு எலக்ட்ரீஷியன் வந்து புதியது மாட்டிவிட்டுப் போனார். வாசல் சுவரில் பூச்சு மட்டும் மேடு பள்ளமாகத்தான் இருக்கிறது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா விட்டுவிட்டார்.